ராஜா பெயரில் ஒரு வழக்கு

1908 ஜூலை 22ஆம் தேதி இரவு பம்பாய் உயர் நீதிமன்றம் பால கங்காதர திலகருக்கு ஆறாண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தது. புனேயிலிருந்து அவர் நடத்திய ‘கேசரி’யில் வந்த கட்டுரைகள்தான் குற்றம். வழக்குத் தொடுத்தவர் என்று ஏடுகளில் இருப்பது சக்கரவர்த்தியின் பெயர். திலகரை அடைத்த மாண்டலே சிறை, பர்மிய மன்னர்களின் அரண்மனையைச் சுற்றிய கோட்டைச் சுவருக்குள் இருந்தது. அந்த அரண்மனையின் கடைசி ராஜா தீபோவை 1885இல் வெள்ளைக்காரர்கள் பிடித்து, முதலில் சென்னைக்கும் மறுவருஷம் ரத்னகிரிக்கும் கொண்டுபோனார்கள். ரத்னகிரி திலகர் பிறந்த ஊர். ஆக, சுமார் ஆறு வருஷம் இவர் ஊரில் அவரும் அவர் ஊரில் இவரும் காவலில் இருந்தார்கள். கதைபோலத் தோன்றும் இந்த இடமாற்றத்தை ரசித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் இன்னொரு பௌத்த நாட்டில் இன்றும் ஓயாத ஒரு வழக்குக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

அந்த நாடு தாய்லாந்து. அங்கே குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி ராஜாவையோ ராணியையோ பட்டத்து வாரிசையோ இழிவுபடுத்தினால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. புகாரை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். 2020 ஆகஸ்டில் ஆர்னோன் நம்பா என்ற வழக்கறிஞர் பாங்காக்கில் பொதுமேடை ஏறி, முடியாட்சியைச் சீர்திருத்த வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். அதே மாதம் 10ஆம் தேதி தம்மசாத் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் பத்துக் கோரிக்கைகளை வாசித்தார்கள். அதற்குப் பிறகு 270 பேருக்கும் மேல் இந்தப் பிரிவில் சிக்கியிருக்கிறார்கள். 2024 ஜனவரியில் முகநூல் பதிவுகளுக்காக ஓர் இளைஞருக்குக் கிடைத்தது 50 ஆண்டு. சட்டத்தை ஆதரிப்பவர்களின் வாதம் எளிமையானது. எங்கள் ராஜா தர்மராஜா, குடிகளுக்குத் தகப்பன் மாதிரி. தகப்பனை ஏசினால் எந்த வீட்டில் பொறுத்துக்கொள்வார்கள்? இது எங்கள் பௌத்த மரபு, வெளியாருக்குப் புரியாது.

மரபு என்ற இந்த வாதம் வருஷக் கணக்கைப் பார்த்தாலே தள்ளாடுகிறது. சயாம் தன் நவீன தண்டனைச் சட்டத்தை, வெளிநாட்டு ஆலோசகர்கள் துணையோடு, கொண்டுவந்தது திலகர் தண்டிக்கப்பட்ட அதே 1908இல். அப்போது ராஜா வைத்ததே சட்டம். ஆனாலும் ராஜநிந்தனைக்கு உச்சபட்சத் தண்டனை ஏழு ஆண்டுதான். 1932இல் ராஜா அரசியல் சாசனத்துக்குக் கட்டுப்பட்டவரானார். குறைந்தது மூன்று, அதிகபட்சம் பதினைந்து என்ற கணக்கு வந்தது 1976இல், தம்மசாத்தில் மாணவர்கள் கொல்லப்பட்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு. ராஜாவின் அதிகாரம் குறையக் குறைய அவர் பெயரால் வரும் தண்டனை ஏறியிருக்கிறது. பர்மாவைப் பாருங்கள்: தீபோவின் தகப்பனார் மிண்டோன் 1873இல் பத்திரிகைகளுக்கென்று பதினேழு விதிகள் கொண்ட சட்டம் செய்தார். தான் தவறினால் தன்னைப் பற்றியும், ராணிகள் தவறினால் அவர்களைப் பற்றியும் தாராளமாக எழுதலாம் என்று அவர் உறுதியளித்ததைப் பர்மியப் பத்திரிகையுலகம் இன்றும் சொல்லிக்கொள்கிறது. மிண்டோனை ஜனநாயகவாதி ஆக்க வேண்டியதில்லை. மகன் பட்டத்துக்கு வந்தபோது அரச குடும்பத்தாரைக் கூட்டமாகக் கொன்ற அரண்மனைதான் அது. ஆனால் பௌத்த ராஜா ஒருவர் இப்படி எழுதிக்கொடுப்பதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் கல்கத்தாவில் இருந்த ஆங்கில அரசு, இந்திய தண்டனைச் சட்டத்தில் 124ஏ என்ற ராஜத்துரோகப் பிரிவைச் சொருகியிருந்தது.

அந்தப் பிரிவுக்கு முழு உருவம் கொடுத்தது திலகர் மீது அதற்கு முன்பே வந்த ராஜத்துரோக வழக்குதான். 1897இல் புனேயில் பிளேக். ராண்ட் என்ற அதிகாரியின் தலைமையில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டார்கள். சாமி அறை, பெண்கள் இருக்கும் அறை என்று பார்க்கவில்லை. ஜூன் 15ஆம் தேதி கேசரி, சிவாஜி விழாவில் நடந்த பேச்சுகளையும் சிவாஜி பேசுவதுபோல் அமைந்த ஒரு கவிதையையும் வெளியிட்டது. ஜூன் 22, விக்டோரியா ராணியின் வைரவிழா இரவு. கவர்னர் மாளிகை விருந்து முடிந்து திரும்பிய ராண்டும் ஏயர்ஸ்ட் என்ற அதிகாரியும் கணேஷ்கிண்ட் சாலையில் சுடப்பட்டார்கள். அடுத்த மாதம் திலகர் கைதானார். நீதிபதி ஸ்ட்ராச்சி ஜூரிகளுக்குக் கொடுத்த விளக்கம் விசித்திரமானது: அரசின் மீது பிரியம் இல்லாமல் போகும்படி செய்வதே குற்றம், அதனால் கலகம் நடந்ததா, நடத்தும் எண்ணம் இருந்ததா என்பதெல்லாம் தேவையில்லை. ஆறு ஐரோப்பிய ஜூரிகள் குற்றவாளி என்றார்கள், மூன்று இந்தியர்கள் இல்லை என்றார்கள். பதினெட்டு மாதம் தண்டனை. மறு ஆண்டே அந்த விளக்கத்தை ஒட்டிச் சட்டத்தையும் திருத்தி எழுதினார்கள். சக்கரவர்த்தினி லண்டனில் இருந்தார். கேசரி அவர் கண்ணில் பட்டிருக்கவே வழியில்லை. பிரியம் வேண்டும் என்று கேட்டவர்கள் பம்பாய்ச் செயலகத்து அதிகாரிகள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். எழுதிய ஒரு வாரத்தில் சுட்டதில் இரண்டு உயிர் போயிற்றே, எழுத்துக்குப் பொறுப்பே கிடையாதா? உண்டு. கொலைக்குத் தூண்டுவது அப்போதே தனிக் குற்றம், தனிப் பிரிவு. அதைத் திலகர் மீது சுமத்தவில்லை. சுட்ட சாபேகர் சகோதரர்களில் மூத்தவரான தாமோதர், அதற்கு முன்பே பம்பாயில் விக்டோரியா ராணியின் சிலைக்குத் தார் பூசியதையும் ஒப்புக்கொண்டார். கேசரி அந்த இதழை அச்சிடாமல் இருந்தாலும் அந்தக் கோபம் அங்கேதான் இருந்திருக்கும். ‘தூண்டினாயா?’ என்று கேட்கும் சட்டத்துக்குச் சாட்சி வேண்டும். ‘பிரியம் இருக்கிறதா?’ என்று கேட்கும் சட்டத்துக்குச் சாட்சியே வேண்டாம், ஆள் மட்டும் போதும். அதனால்தான் இரண்டாவது வகைச் சட்டம் ஆட்சியாளர்களுக்கு இவ்வளவு வசதியாக இருக்கிறது. 1908இல் திலகருக்குத் தீர்ப்பு வருவதற்குப் பதினைந்து நாள் முன்பு திருநெல்வேலியில் இதே பிரிவில்தான் வ.உ.சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டும் கிடைத்தன. வ.உ.சி. கப்பல் ஓட்டியதைக் குற்றமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, சட்டம் வேலை செய்கிறதே, ஜனங்கள் அடங்கித்தானே கிடக்கிறார்கள் என்பார்கள். கொஞ்ச காலத்துக்கு அடங்குவார்கள். ஆனால் பம்பாய் மில் தொழிலாளர்கள் 1908இல் தண்டனையின் ஆறு ஆண்டுக்கு ஆறு நாள் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். மாண்டலேயில் திலகருக்குத் தனித்தாள் கிடையாது, மை கிடையாது; பக்க எண் போட்டுத் தைத்த நோட்டும் பென்சிலும்தான். ‘கீதா ரகசியம்’ அந்தப் பென்சிலால் எழுதப்பட்டது. தவிர, பயத்தால் வாய்மூடியவன் யார், பக்தியால் வாய்மூடியவன் யார் என்று சிம்மாசனத்தில் இருப்பவருக்கே தெரியாமல் போகிறது. தாய்லாந்தின் பூமிபோல் மன்னர் 2005 டிசம்பரில் தன் பிறந்தநாள் உரையில், தன்னையும் விமர்சிக்கலாம் என்றே சொன்னார். அடுத்த ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, வழக்குகள் பெருகின.

பௌத்தத்தையே எடுத்துக்கொண்டாலும், பாலி மரபு ராஜாவுக்கு விதிக்கும் பத்துத் தர்மங்களில் கோபமின்மையும் பொறுமையும் உண்டு. குடிகளின் விருப்பத்துக்கு முரணாகாமையும் உண்டு என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். பத்தும் ராஜாவைக் கட்டுகிறவை. குடிகளுக்கு அதில் ஒரு கட்டளையும் இல்லை. பிக்குகளும் வாய்மூடி இருந்ததில்லை. ராஜத்துரோகப் பேச்சுக்காகச் சிறைப்பட்ட ஊ விஸாரா, காவி உடுத்தும் உரிமை கேட்டு 166 நாள் உண்ணாவிரதமிருந்து 1929இல் ரங்கூனில் இறந்தார். 2007இல் பர்மியப் பிக்குகள் ராணுவத்தாரின் பிச்சையை ஏற்க மறுத்துத் திருவோட்டைக் கவிழ்த்துப் பிடித்து ஊர்வலம் போனார்கள்.

ராஜா ஒழிந்தால் இந்தத் தொல்லையும் ஒழியும் என்று நினைப்பதற்கும் இடமில்லை. குடியரசான பிறகும் 124ஏ நம்மோடு இருந்தது. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதன் வீச்சைக் குறுக்கியது, 2022 மே 11இல் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள நியாய சன்ஹிதாவில் 152ஆம் பிரிவு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. திலகரையும் கருத்துரிமையின் திருவுருவமாக்கக் கூடாது. 1895இல் புனே காங்கிரஸ் பந்தலில் சமூகச் சீர்திருத்த மாநாட்டை நடத்தவிடாமல் தடுத்தவர்கள் அவர் பக்கத்து ஆட்கள்தான். ஆனால் ராஜா பெயரில் ஆள்கிறவர்கள் யார் என்பதை அவரைப்போலக் கூர்மையாகச் சொன்னவர்கள் குறைவு. 1916இல் சுயாட்சி கேட்டுப் பேசியபோது சக்கரவர்த்தியைக் கடவுளுக்கும் அதிகாரிகளைப் பூசாரிகளுக்கும் ஒப்பிட்டார். பூசாரியை மாற்றச் சொல்வது கடவுளை மறுப்பதாகாது என்றார். புனே மாஜிஸ்திரேட் அதற்காக 20,000 ரூபாய்க்கு நன்னடத்தை ஜாமீன் கேட்டார். ஜின்னா வாதாடினார். நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அவரைப்போலவே ராஜாவை நீக்கச் சொல்லாமல், 112ஐத் திருத்துவோம் என்று மட்டும் வாக்குறுதி கொடுத்து 2023 தேர்தலில் 151 இடங்களோடு முதலாவதாக வந்த மூவ் ஃபார்வர்டு கட்சியை, 2024 ஆகஸ்ட் 7ஆம் தேதி தாய்லாந்தின் அரசியல் சாசன நீதிமன்றம் கலைத்துவிட்டது.