பௌர்ணமிக் கூட்டமும் மூன்றாவது செமஸ்டரும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்களில், தலைமுடியின் எண்ணிக்கை ஒன்றுகூடப் பிசகாமல் சமமாக இருக்கிற இரண்டு பேர் கட்டாயம் இருப்பார்கள். மொட்டை போட்டுக்கொண்டவர்களைத் தள்ளிவிட்டுத்தான் சொல்கிறேன். ஒரு தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. எவ்வளவு அடர்த்தியானாலும் இரண்டு லட்சத்தைத் தாண்டாது என்று வைத்துக்கொள்வோம். 14 கிலோமீட்டர் பாதையில் நடப்பவர்களோ பல லட்சம் பேர். ஆளுக்கொரு எண் என்று கொடுத்துக்கொண்டே போனால் எண்கள் தீர்ந்துவிடும், ஆட்கள் மிச்சமிருப்பார்கள். யார் தலையையும் எண்ண வேண்டாம். அந்த இருவர் யாரென்றும் தெரிய வேண்டாம். இருக்கிறார்கள் என்று மட்டும் அடித்துச் சொல்லிவிடலாம்.

இதற்குப் புறாக்கூண்டுத் தத்துவம் என்று பெயர். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் மூன்றாவது செமஸ்டரில் படிக்கும் 'டிஸ்கிரீட் மேத்ஸ்' தாளில், இரண்டாவது யூனிட்டில் வருகிறது. திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் யாரைக் கேட்டாலும் வரையறையை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். டூ மார்க்குக்கு அது போதும். கிரிவலக் கூட்டத்தை வைத்து ஒரு கணக்குப் போடச் சொன்னால்தான் பேச்சு நின்றுபோகும்.

பிள்ளைகள் மேல் மட்டும் குறை சொல்ல முடியாது. பிளஸ் ஒன்னில் தொகுத்தறிதலும், பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் கடைசிப் பாடமாகத் தனிநிலைக் கணிதமும் இருக்கின்றன. ஆனால் பள்ளியில் கணக்கு என்றால் விடை காண்பது. இங்கே விடையைக் கொடுத்துவிட்டு 'நிறுவுக' என்கிறார்கள். அந்த ஒரு சொல்லில்தான் பலருக்கு அரியர் விழுகிறது. தேர்வு முறையும் தப்பிக்க வழி வைத்திருக்கிறது: ஐந்து யூனிட்டில் மூன்றைக் கெட்டியாகப் பிடித்து, கொஸ்டின் பேங்கில் வரும் நிரூபணங்களை நெட்டுருப் போட்டால் தேறிவிடலாம். ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2013 பாடத்திட்டத்தில் ஐந்தாவது செமஸ்டரில் கிடந்த இந்தத் தாளை 2017-இல் மூன்றாவதற்குக் கொண்டுவந்தார்கள். டேட்டா ஸ்ட்ரக்சரில் கிராஃபையும் ட்ரீயையும் முடித்துவிட்டு, கிராஃப் என்றால் என்ன என்று ஒரு வருடம் கழித்துப் படித்த கூத்து அதோடு முடிந்தது.

கிராஃப் யூனிட்டுக்குத் திருவண்ணாமலை வாசல்களைவிட நல்ல கரும்பலகை கிடையாது. சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வோர் இடத்திலும் நான்கு முனைகள் கூடுகின்றன. நான்கு இரட்டைப்படை எண். எல்லாச் சந்திப்பிலும் கூடும் முனைகள் இரட்டைப்படையாக இருந்து, படம் ஒரே தொடர்ச்சியாகவும் இருந்தால், கையை எடுக்காமல் வரைந்து முடிக்கலாம் என்பது 1741-இல் வெளியான, கணிதவியலர் ஆய்லரின் ஆய்விலிருந்து பிறந்த தேற்றம். அப்படியானால் எந்தச் சிக்குக் கோலத்தையும் ஒரே இழையில் போட்டுவிடலாமா? முடியாது. வெட்டுமிடத்தில் இழை திரும்பக் கூடாது, நேராகத்தான் போக வேண்டும் என்பது கோலத்தின் சட்டம். ஆய்லர் எந்தப் பக்கமும் திரும்ப அனுமதிக்கிறார்.

இந்தச் சட்டப்படி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் கம்பி வெட்டிக்கொள்ளும் செவ்வகக் கோலத்துக்கு எத்தனை இழை வேண்டும்? வரிசையின் எண்ணிக்கைக்கும் நிரலின் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.) எதுவோ அத்தனை. நான்குக்கு ஐந்து புள்ளி வைத்தால் ஒரே இழை. நான்குக்கு ஆறு என்றால் இரண்டு. நான்குக்கு நான்கு வைத்தால் நான்கு தனித்தனி இழைகள். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், பிறகு ஏன் என்று யோசியுங்கள். தேற்றத்தின் நிபந்தனையைப் படிக்காமல் முடிவை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

கோலத்தில் கணினி அறிவியலைப் பார்ப்பது ஊர்ப்பெருமைக்காகச் சொல்கிற கதை அல்ல. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி தம்பதியும் கமலா கிருத்திவாசனும் 1974-இல் கோலங்களை உருவாக்கும் இலக்கண விதிகளைப் பற்றி ஒரு சர்வதேச ஆய்விதழில் எழுதினார்கள். சொற்களைக் கோத்து வாக்கியம் ஆக்கும் விதிகளைப் போல, புள்ளியையும் வளைவையும் கோத்துப் படம் ஆக்கும் விதிகள். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவாக இருந்த காலம் அது. கமலா கிருத்திவாசன் பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக நடத்திய டிஸ்கிரீட் மேத்ஸ் வகுப்புகள் என்பிடெல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

நான்காவது யூனிட்டான குரூப் தியரிக்கு வந்ததும் எல்லா வகுப்பிலும் ஒரு கேள்வி எழும்: 'இதெல்லாம் எதுக்கு சார்?' பதில் கேட்பவரின் பர்ஸிலேயே இருக்கிறது. ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒரு காவல்காரர். முதல் 11-ஐ வைத்துக் கணக்கிட்டு எழுதப்படுவது. முறை, 1969-இல் நெதர்லாந்துக்காரர் வெர்ஹூஃப் வகுத்தது. ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தை ஐந்து விதமாகச் சுழற்றலாம், ஐந்து விதமாகப் புரட்டலாம். இந்தப் பத்துச் செயல்களும் சேர்ந்து ஒரு குரூப் ஆகின்றன. அதில் சுழற்றிவிட்டுப் புரட்டுவதும் புரட்டிவிட்டுச் சுழற்றுவதும் ஒன்றல்ல. இலக்கங்களைச் சும்மா கூட்டிப் பார்த்தால் 47-ஐ 74 என்று மாற்றி அடித்தது தெரியாது, கூட்டுத்தொகை அதேதான். வரிசை மாறினால் விடையும் மாறுகிற, அதாவது அபீலியன் அல்லாத, இந்தக் குரூப்போடு, இடத்துக்கு இடம் இலக்கங்களை மாற்றிப்போடும் ஒரு விதியையும் சேர்த்தார் வெர்ஹூஃப். ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் தப்பாமல் பிடிபடும். 'அபீலியன் அல்லாத குரூப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக' என்கிற டூ மார்க் கேள்விக்கு இதை எழுதலாம். எழுதினால் மார்க் போடுவார்களா என்பது திருத்துகிறவரைப் பொறுத்தது.

செமஸ்டரில் மனப்பாடம் கைகொடுத்தாலும் மூன்றாம், நான்காம் ஆண்டில் மேற்படிப்புக்கான கேட் தேர்வுக்குத் தயாராகும்போது கணக்கு தீர்க்கப்படுகிறது. அங்கேயும் இதே தர்க்கம், இதே கிராஃப், இதே குரூப். ஆனால் 'விவரி' கிடையாது. புதிதாக ஒரு நிலைமையைக் கொடுத்து ஓர் எண்ணையோ சரியான தெரிவையோ விடையாகக் கேட்பார்கள். முதல் யூனிட்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறவர்கள் நிறைய.