பேக்கன் பொரிக்கும்போது தீ ஏன் குறைவாக இருக்க வேண்டும்?

விடுமுறைக் காலை. பேரங்காடியில் வாங்கிய பேக்கன் பொட்டலத்தைப் பிரிக்கிறீர்கள். வாணலியை நன்றாகச் சூடாக்கி, துண்டுகளைப் போடுகிறீர்கள். சற்று நேரத்தில் துண்டு வளைந்து, ஓரம் கருகிவிடுகிறது. நடுவிலோ கொழுப்பு இன்னும் உருகாமல் வெள்ளையாக இருக்கிறது. தவறு எங்கே?

பேக்கன் என்பது உப்பும் நைட்ரைட்டும் சேர்த்துப் பதப்படுத்தப்பட்ட பன்றி இறைச்சி. சூடு பட்டதும் அதன் தசைப்பகுதி சட்டென்று சுருங்கும். கொழுப்பு உருகி வெளியேறவோ நேரம் பிடிக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் மாறாததால் துண்டு வளைகிறது.

அடுத்த முறை, சூடாக்காத வாணலியில் துண்டுகளை அடுக்கி, குறைந்த தீயில் தொடங்குங்கள். முதலில் கொழுப்பு மெல்ல உருகும்; நீர் ஆவியாகும். நீர் வற்றிய பிறகே துண்டின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியசை நன்கு தாண்டும். அப்போது அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தரும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912ஆம் ஆண்டில் விவரித்த 'மயார் வினை' இதுதான். ரொட்டியின் மேலோட்டுக்கும் வறுத்த காப்பிக்கொட்டைக்கும் மணம் தருவதும் இதுவே.

குறைந்த தீ, மொறுமொறுப்புக்காக மட்டுமன்று. பேக்கனில் உள்ள நைட்ரைட், உயிரைப் பறிக்கக்கூடிய பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமிகளைத் தடுக்கிறது. ஆனால், கடும் வெப்பத்தில் அது இறைச்சியின் புரோலின் என்ற அமினோ அமிலத்துடன் சேர்ந்து நைட்ரோசோபைரோலிடின் என்ற பொருளாக மாறக்கூடும். விலங்குகளிடம் நடத்திய சோதனைகளில் அது புற்றுநோயை உண்டாக்கியது. அது உருவாவதைக் குறைக்கவே, வைட்டமின் சி வகைச் சேர்மங்களான அஸ்கார்பேட் அல்லது எரிதோர்பேட்டைத் தயாரிப்பாளர்கள் சேர்க்கிறார்கள். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள், அந்தப் பெயர்கள் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொரித்த துண்டில் இருப்பதைவிட, வாணலியில் தங்கும் கொழுப்பில் இந்தப் பொருள் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தக் கொழுப்பிலேயே முட்டை பொரிப்பதையும் சோறு பிரட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். துண்டுகளைத் தாளில் வைத்துக் கொழுப்பை ஒற்றியெடுங்கள். கருகிய ஓரத்தை வெட்டி எறியுங்கள்.

இப்படிச் சமைத்தால் எவ்வளவும் உண்ணலாம் என்று பொருளல்ல. பதப்படுத்தப்பட்ட இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015ல் வகைப்படுத்தியது. அன்றாடம் 50 கிராம் உண்டால், பெருங்குடல் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 18 விழுக்காடு கூடும் என்றது. 100 பேரில் 18 பேருக்கு நோய் வரும் என்பதல்ல இதன் பொருள். ஒருவருக்கு ஏற்கெனவே உள்ள அபாயம் அந்த அளவு உயரும் என்பதே பொருள்.

பன்றி இறைச்சி உண்ணாதோர் வாங்கும் வான்கோழி, மாட்டிறைச்சி பேக்கன்களிலும் பெரும்பாலும் நைட்ரைட் உண்டு. எந்த வகையானாலும் தீயைக் குறையுங்கள். அன்றாட உணவாக்காமல், எப்போதாவது ருசித்து உண்ணுங்கள்.