புதிய நிரல்மொழியைக் கற்பதா?



'ரஸ்ட்' என்னும் புதிய நிரல்மொழியைக் கற்கலாமா என்று கேட்கும் இளைஞர்களைச் சிவகாசி, விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரிகளிலும் இன்று காணலாம். கேள்வி சிறிதாயினும் அதன் பின்னே நிற்பது பெரிது. பட்டாசு ஆலைக் கூலியில் பிள்ளையைப் படிக்கவைக்கும் வீட்டில், ஆறு மாதம் என்பது பணமும் நம்பிக்கையும் ஆகும். ஆகவே, எதைக் கற்றாலும் நன்மையே என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

கணிப்பொறியின் அடித்தளத்தில் இயங்கும் இயக்க முறைமை, வலைப்பின்னல், தரவுத்தளம் முதலியவற்றை எழுதப் பயன்படுவன அமைப்பு நிரல்மொழிகள். அவற்றுள் தலையாயது 'சி'. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1972-ஆம் ஆண்டையொட்டி டென்னிஸ் ரிச்சி என்பார் அதனை உருவாக்கினார். வேகமும் வலிமையும் அதன் சிறப்பு. ஆனால் நினைவகத்தைக் காக்கும் பொறுப்பு முழுவதையும் அது மனிதன் தலையில் வைத்துவிடுகிறது. பத்து அறை கேட்டு வாங்கிவிட்டுப் பதினோராவது அறையில் எழுதினாலும், திருப்பித் தந்துவிட்ட அறையை மீண்டும் தொட்டாலும் 'சி' தடுப்பதில்லை. 2014-இல் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' குறையை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கப்பட்ட அளவு உண்மையானதுதானா என்று சரிபாராமல் விடை அனுப்பியதால், பக்கத்து நினைவகத்திலிருந்த மறைசொற்களும் கூடவே வெளியே சென்றன. தன் மென்பொருள்களில் காணப்பட்ட பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 விழுக்காடு இத்தகைய நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019-இல் தெரிவித்தது. இத்தனைக்கும் அவர்கள் கைதேர்ந்தவர்கள் அன்றோ?

இந்நோய்க்கு மருந்தாக வந்ததே ரஸ்ட். மொசில்லா நிறுவனத்தில் பணியாற்றிய கிரேடன் ஹோர் 2006-இல் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கினார். 2015 மே மாதம் அதன் முதல் நிலையான பதிப்பு வெளிவந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் உரிமையாளர் ஒருவரே; அவர் விலகியதும் நினைவகம் தானே விடுவிக்கப்படும். பிறர் இரவல் பெறலாம். பலர் படிக்கலாம், அல்லது ஒருவர் மட்டும் மாற்றலாம். இரண்டும் ஒரே வேளையில் ஆகா.

இதனை விளக்க நம் வட்டாரத்திலேயே ஓர் உவமை உண்டு. கந்தகத்தைக் குளோரேட்டுடன் கலந்தால் சிறு உராய்விலும் அது தீப்பற்றக்கூடும். 'கவனமாகக் கலவுங்கள்' என்று அறிவுரை கூறாமல், அக்கலவை வெடிபொருளில் இருக்கவே கூடாது என்று நடுவண் அரசு 1992-இல் தடை விதித்தது. ரஸ்டின் முறையும் இதுவே. பகிர்தலும் தீதன்று, மாற்றுதலும் தீதன்று. இரண்டும் ஒருங்கு கலப்பதே தீது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தாளில் எழுதிய விதி மனிதரின் அவசரத்தைத் தடுத்து நிறுத்தாது. விதிகள் பல இருந்தும், 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரஸ்டிலோ, விதி தொகுப்பானுக்குள்ளேயே இருக்கிறது. மீறிய நிரலை அது ஏற்பதே இல்லை. தவிர்க்க முடியாத இடத்தில் 'அன்சேஃப்' என்று வெளிப்படையாக எழுதி விலக்குப் பெறலாம். பின்னர்ச் சோதிப்பவர் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அச்சொல்லே காட்டிவிடும்.

இவ்வளவு நன்மை இருந்தால் உடனே கற்க வேண்டியதுதானே என்பீர்கள். பொறுங்கள். தொகுப்பான் கண்டிப்பான ஆசிரியர். முதற்சில வாரங்கள் அதனோடு மல்லாடுவதிலேயே கழியும். உலகில் எழுதிக் குவிந்துள்ள 'சி' நிரல்கள் ஒரே நாளில் மறையப்போவதும் இல்லை. லினக்ஸ் கருநிரல் 2022 டிசம்பரில் ரஸ்டுக்கு இடமளித்தபோதும், 'சி'யின் பக்கத்தில்தான் அமர்த்தியதேயன்றி, அதன் இருக்கையைப் பறித்துக் கொடுக்கவில்லை.

1922-இல் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் இருவரையும் நீங்கள் அறிவீர்கள். தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு வந்தது. இரண்டிற்கும் ஒட்டுத்தாள் அடிக்கப்போய் அச்சுத்தொழிலும் தழைத்தது. அச்சுக்கல் போய் ஆஃப்செட் எந்திரம் வந்தபோது, மையின் பதமும் தாளின் குணமும் அறிந்தவனின் அறிவு வீணாகவில்லை. 'சி' கற்றவனுக்கு நினைவகம் பற்றிய அறிவும் அவ்வாறே கைகொடுக்கும்.

ஆதலால் முதலாண்டு மாணவர் 'சி'யையே கற்கட்டும். நிரல் நினைவகப் பிழையால் நின்றுபோவதைக் கண்ணால் கண்டவருக்கே ரஸ்ட் எதைக் காக்கிறது என்பது விளங்கும். இயக்க முறைமையிலோ பாதுகாப்புத் துறையிலோ நாட்டமுள்ள மூன்றாமாண்டு மாணவர், ஆறு வாரம் ஒதுக்கி, கோப்பிலுள்ள சொற்களை எண்ணும் சிறு நிரலொன்றை இரு மொழியிலும் எழுதிப் பார்க்கலாம். இணைப்புப் பட்டியலை மட்டும் முதலில் தொடவேண்டா; 'சி'யில் எளிதான அது ரஸ்டில் கடினம். கல்விக்கடன் தலைமேல் நிற்க, படிப்பு முடிந்தவுடன் வேலை வேண்டும் என்னும் இறுதியாண்டு மாணவர், வளாகத் தேர்வில் கேட்கப்படும் ஜாவாவையோ பைத்தானையோ செம்மையாக முடிப்பதே முறை. ரஸ்டை வேலை கிடைத்த பின் எடுத்துக்கொள்ளலாம்.

செலவைப் பற்றி அஞ்சவேண்டா. தொகுப்பானும் பாடநூலும் இலவசம். ஒருமுறை கருவிகளை நிறுவிக்கொண்டால் அப்பாடநூலும் உடன் வந்துவிடும். இணையம் எட்டாத ஊரிலும் இரவில் அமர்ந்து படிக்கலாம்.