மூன்று பெயர் கண்ட வங்கி!

குழந்தைகளே, நெல்லைக்குப் போயிருக்கிறீர்களா? திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் அங்கே தாமிரபரணியின் மேல் இருக்கிறது. முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டிய அந்தப் பாலம் திறக்கப்பட்டது 1843ஆம் ஆண்டில். அதே ஆண்டில்தான் சென்னையில் 'மெட்ராஸ் வங்கி' தொடங்கியது. அந்த வங்கிக்காகப் பிறகு எழுந்த அழகான கட்டடத்தின் கதையை இன்று பார்ப்போமா?

நெல்லைக்கும் வங்கிக்கும் என்ன தொடர்பு?

நெல்லைச் சீமையின் கரிசல் நிலத்தில் விளைந்த பருத்திக்கு வெளிநாடுகளில் நல்ல பெயர். அது மூட்டை மூட்டையாகத் தூத்துக்குடியில் கப்பலேறியது. விவசாயிக்கு அறுவடையின்போதே பணம் வேண்டும். ஆனால் பருத்தி கடல் கடந்து போய் விற்ற பிறகுதான் வியாபாரியின் கைக்குப் பணம் வரும். நடுவில் உள்ள மாதங்களை எப்படிச் சமாளிப்பது? அதற்குத்தான் வங்கிக் கடன்! அதனால்தான் தூத்துக்குடியிலும் மெட்ராஸ் வங்கி கிளை திறந்தது.

கோட்டையா, அரண்மனையா?

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையில் நிற்கிறது அந்தச் சிவப்புக் கட்டடம். 1890களின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. கர்னல் சாமுவேல் ஜேக்கப் வரைந்த திட்டத்தை ஹென்றி இர்வின் மாற்றி அமைத்தார். கட்டி முடித்தவர் நம்ம ஊர் ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் இர்வின், செட்டியார் இருவரின் உழைப்பும் உண்டு.

வளைவுகளும் சிறு கோபுரங்களும் அரண்மனைகளை நினைவூட்டும். இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகளைக் கலந்த இந்த முறைக்கு 'இந்தோ சாரசெனிக்' என்று பெயர்.

அழகு மட்டுமா? மின்விசிறி பரவாத காலம் அது. உயரமான கூரை இருந்தால் சூடான காற்று மேலே போய்விடும். அகலமான தாழ்வாரம் வெயிலைத் தடுக்கும். தடித்த சுவர் வெப்பத்தையும் தடுக்கும், திருடனையும் தடுக்கும்!

சுவரா, நம்பிக்கையா?

அதே சாலையில் ஆர்பத்நாட் என்ற ஆங்கிலேய நிறுவனம் சுமார் 100 ஆண்டுகளாக வங்கித் தொழில் நடத்தி வந்தது. ஓய்வு பெற்றவர்கள், விதவைகள், வியாபாரிகள் எனப் பலரும் வாழ்நாள் சேமிப்பை அங்கே போட்டிருந்தனர். ஆபத்தான முதலீடுகளில் பணம் கரைந்துபோக, 1906 அக்டோபர் 22 அன்று அது திவாலானது. எத்தனையோ குடும்பங்கள் ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வந்தன. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார்.

அதே அக்டோபரில்தான் வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. 'நமக்கு நாமே' என்ற எண்ணம் பரவிய காலம். வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் முயன்று, 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினர். தூத்துக்குடி வணிகர்கள் 1921இல் நாடார் வங்கியைத் தொடங்கினர். 1962 முதல் அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

பெயர்ப் பலகை மாறியது

சிவப்புக் கட்டடத்துக்கு வருவோம். 1921இல் மெட்ராஸ், வங்காளம், பம்பாய் வங்கிகள் மூன்றும் ஒன்றாகி 'இம்பீரியல் வங்கி' ஆயின. 1935இல் ரிசர்வ் வங்கி வரும்வரை அரசின் பணத்தைக் கவனித்ததும் இதுதான். சுதந்திரத்துக்குப் பின், 1955 ஜூலை 1 அன்று அது 'பாரத ஸ்டேட் வங்கி' ஆனது. பெரிய வியாபாரிகளும் அதிகாரிகளும் நுழைந்த வாசலில் சாதாரண மக்களும் பாஸ்புக்கோடு வரத் தொடங்கினர்.

2014 ஜூலையில் ஒரு சனிக்கிழமை இங்கே பெரும் தீ விபத்து. மேல்தளமும் கூரையின் ஒரு பகுதியும் பாழாயின. 100 ஆண்டுகளுக்கு மேல் வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்கிய கட்டடம், சில மணி நேரத் தீயில் தவித்தது. பழைய கட்டடத்தை நேசித்தால் மட்டும் போதாது. மின் கம்பிகளைச் சோதிப்பதும், தீயணைப்புக் கருவிகளைத் தயாராக வைப்பதும் முக்கியம்.

தெரியுமா?

கணித மேதை ராமானுஜன் தன் கடைசி நாட்களில் தங்கியிருந்த சேத்துப்பட்டு வீடு, நம்பெருமாள் செட்டியாருக்குச் சொந்தமானது!

என்ன குழந்தைகளே, உங்கள் ஊரிலும் பழைய வங்கியோ, தபால் நிலையமோ, பள்ளியோ இருக்கும். வாசலுக்கு மேலே ஆண்டு பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பு அங்கே என்ன இருந்தது என்று தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். உங்களுக்கும் ஒரு கதை கிடைக்கும்!