மழைக்கு செல்ஷியஸ், மீனுக்கு ஃபாரன்ஹீட்!

நம்ம ஊரில் மீனுக்கு இரண்டே கதிதான். ஒன்று, புளிக்குழம்பில் கொதிப்பது. இன்னொன்று, எண்ணெயில் பொரிவது. 'அவனில் வைக்கப் போகிறேன்' என்று யாராவது சொன்னால், 'எவனில்?' என்று கேட்பார்கள். கேக் பண்ண வாங்கி, இப்போது பழைய நியூஸ் பேப்பர் அடுக்கி வைத்திருக்கிற அந்த இரும்புப் பெட்டிதான் ஸார்!

கனடாவில் கதை வேறு. என் அக்கா இருப்பது டொரான்டோவில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் 11-வது மாடியில். அங்கே வாடகை வீட்டிலேயே அடுப்பும், அதற்குக் கீழே அவனும் தயாராக இருக்கின்றன. வாணலியில் மீன் வறுப்பதுதான் வம்பு. எண்ணெய்ப் புகை கிளம்பியதுமே கூரையில் இருக்கிற அலாரம், வீடு பற்றி எரிகிற மாதிரி அலறும். பனிக்காலத்தில் ஜன்னலைத் திறந்து விசிறவும் முடியாது. மீன் வாசனை நேராகப் போய் குளிர் கோட்டில் குடியேறிவிடும்.

அக்கா பையனுக்குப் பத்து வயசு. 'உன் கோட்டு நாறுது' என்று ஸ்கூலில் எவனோ சொன்ன நாளோடு மீனுக்கு முழுக்குப் போட்டுவிட்டான். அந்தச் சமயத்தில்தான் தூத்துக்குடியிலிருந்து அம்மா ஆறு மாசம் தங்கப் போனாள். பேரனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. அம்மாவுக்கு இங்கிலீஷ் இரண்டுமே வராது. ஆச்சிக்கும் பேரனுக்கும் பொதுவாக இருந்தது மீன் ஒன்றுதான். அதுவும் போயிற்றா... இருவரும் டி.வி.யைப் பார்த்தபடி மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள்.

நான் மூன்று வாரம் போயிருந்தபோது அக்கா சாமன் மீன் வாங்கி வந்தாள். விலைச்சீட்டைப் பார்த்ததும் என் பி.காம். மூளை தானாகவே ரூபாயில் பெருக்கி, மயக்கம் போட்டது. அம்மாவோ அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, சாயம் கீயம் முக்கியிருக்கானா?" என்றாள்.

கேள்வி நியாயமானதுதான். கடலில் திரிகிற சாமனுக்கு, அது தின்கிற கூனிறால் வகையறாவில் உள்ள அஸ்டாக்ஸான்தின் என்ற நிறமிதான் அந்த நிறத்தைத் தருகிறது. பண்ணைச் சாமனுக்கு அதே சரக்கைத் தீவனத்தில் கலந்து போடுகிறார்கள். கடையில் 'அட்லாண்டிக்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தது; கொழுப்பு அதிகம். 'சாக்கை' என்றால் பசிபிக் பக்கம் பிடித்தது. இன்னும் சிவப்பு, கொழுப்பு கம்மி, சீக்கிரம் உலர்ந்துவிடும். நம்ம ஊரில் 'இந்தியன் சாமன்' என்று விற்கிற காலா மீன் (மும்பைக்காரர்களுக்கு ராவஸ்) ருசியானதுதான். ஆனால் நிஜச் சாமனுக்கு அது ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை!

சரி, சமையலுக்கு வருவோம். மீன் துண்டைப் பத்து நிமிஷம் உப்புத் தண்ணீரில் போட்டெடுத்து, ஈரம் போகத் துடைக்க வேண்டும். இந்தக் குளியல் எதற்கு என்கிறீர்களா? வேகும்போது மேலே தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையாகக் கசியும். பயப்பட வேண்டாம், அது வெறும் புரதம்தான். உப்புக் குளியல் அதைக் குறைக்கும். தடவிப் பார்த்து நெருடுகிற முள்ளை இடுக்கியால் பிடுங்கி விடுங்கள். பிறகு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மிளகு, நசுக்கிய பூண்டு, ஒரு ஸ்பூன் எண்ணெய். உப்பில் மட்டும் கை அடக்கம் தேவை. தோல் கீழே இருக்கும்படி அலுமினியத் தாள் விரித்த தட்டில் வைக்க வேண்டியது. எலுமிச்சை கடைசியில்தான்.

அவன் முன்னாடியே சூடாகியிருக்க வேண்டும். எவ்வளவு சூடு? கனடாவில் மழை, பனி எல்லாம் செல்ஷியஸ் கணக்கு. ஆனால் சமையலறை அவனில் மட்டும் இன்னமும் ஃபாரன்ஹீட்! 450 டிகிரி, அதாவது நம்ம கணக்கில் 230. நேரத்துக்கு கனடா மீன்வளத் துறை பரப்பிய பழைய கணக்கு ஒன்று உண்டு: தடிமனான இடத்தில் அளந்து, அங்குலத்துக்குப் பத்து நிமிஷம்.

'அங்குலம்' என்றதும் அக்கா பையனைக் கூப்பிட்டாள். ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலோடு ஓடி வந்தான். ஆச்சி மீனைப் பிடித்துக்கொள்ள, அவன் அளந்தான். ஒரு விரலைக் காட்டி, அடுத்த விரலில் கால்வாசியைத் தொட்டுக் காட்டினான். "ஒண்ணேகால்" என்றாள் அம்மா. "ஒண்ணேகால்" என்று திருப்பிச் சொன்னான். பன்னிரண்டரை நிமிஷம்! இரண்டு பேரும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கிரிக்கெட் மேட்ச் பார்ப்பது போல உட்கார்ந்துவிட்டார்கள்.

பத்து நிமிஷத்திலேயே ஒரு தடவை முள்கரண்டியால் நடுவில் குத்திப் பாருங்கள். இதழ் இதழாகப் பிரிந்தால் ஆயிற்று. தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: உள்சூடு 63 டிகிரி செல்ஷியஸ் என்கிறது அமெரிக்க அரசு, 70 என்கிறது கனடா அரசு. எல்லைக்கோடு எங்கே என்று மீனுக்குத் தெரியுமா என்ன!

அலாரம் அன்றைக்கு மௌன விரதம். கோட்டுகள் தப்பின. ரசம் சாதத்தோடு பையன் இரண்டு துண்டை முடித்துவிட்டு, "இன்னும் வேணும் ஆச்சி" என்றான், தமிழில்! "குழம்புக்கு ஈடாகாது... உப்பு சரியா இருக்கு" என்றாள் அம்மா. அவள் அகராதியில் அது பாரத ரத்னா.

சாமன் கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். கொடுவா, வஞ்சிரம் இரண்டுக்கும் இதே அங்குலக் கணக்குதான். கொழுப்பு குறைவு என்பதால் எண்ணெய் இன்னொரு ஸ்பூன். ஒரு நிமிஷம் முன்னதாகவே எட்டிப் பாருங்கள்.

மிச்சமானதை மறுநாள் மறுபடி அவனில் வைக்காதீர்கள், ரப்பராகிவிடும். உதிர்த்து, வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை போட்டுப் புரட்டினால் மீன் புட்டு ரெடி. காமர்ஸ் பாஷையில் இதற்கு க்ளோசிங் ஸ்டாக் என்று பெயர்.