பாட்டனாரின் துவக்கு

வன்னியிலே பழைய கமக்காரர் வீடொன்றுக்குச் சென்று, "உங்கள் வீட்டில் முன்பு துவக்கு இருந்ததா?" என வினவிப் பாருங்கள். இருந்தது என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, "எங்கள் பூட்டனாருக்கு வெள்ளைக்காரத் துரை ஒருவர் பரிசாகக் கொடுத்தது" என்பார்கள். இத்தீவுக்கு வந்த துரைமாரெல்லாம் துவக்குகளைத் தானஞ் செய்துவிட்டே கப்பலேறினார்கள் போலும்! எங்கள் வீட்டிலும் அக்கதை உண்டு. அது இலண்டன் துவக்கு என்றே நானும் கேட்டு வளர்ந்தேன்.

துரைமார் வேட்டைக்கு வந்தது மெய்யே. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யானையைக் கொன்றோர்க்கு அரசாங்கமே சன்மானம் வழங்கிற்று. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என எமேர்சன் ரெனன்ற் எழுதியுள்ளார். மேஜர் றொஜர்ஸ் என்பவர் தனியொருவராக 1,400க்கு மேல் வீழ்த்தினார் என்பர். அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். இத்தகையோருக்குக் காட்டு வழி காட்டியவர்கள் நம்மூரவர்களே. ஆகையால் பரிசுக் கதை முழுவதும் பொய்யென்று தள்ளுதற்கில்லை. எனினும் ஒரு துவக்கின் பிறப்பை அறிய வேறு சான்று உண்டு. அதற்கு முன், துவக்கின் வகையைச் சிறிது நோக்குவோம்.

றைபிள் என்பது குழலின் உட்சுவரிலே திருகுசுருளாகத் தவாளிப்பு வெட்டப்பெற்றது. அத்தவாளிப்பைப் பற்றிச் சுழன்றுகொண்டு வெளிப்படும் ஒற்றைக் குண்டு, பம்பரம் போலத் தன் அச்சிலே நிலைத்து நெடுந்தூரம் நேரே செல்லும். எங்கள் கமக்காரர் வைத்திருந்ததோ உட்புறம் வழுவழுப்பான குழல். அதிலிருந்து சிறிய ஈயச் சன்னங்கள் பல ஒருங்கே புறப்பட்டு விரிந்து செல்லும். இரவிலே, மிளகாய்த் தோட்டத்து வேலியோரம், முப்பது நாற்பது யாரில் நிற்கும் பன்றிக்கு இதுவே போதும். இதனைப் பன்னிரண்டாம் நம்பர் என்பார்களே, அது எதன் கணக்கு? ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை அக்குழலிற் சரியாகப் பொருந்தும் என்பதே அதன் பொருள். எனவே, நம்பர் கூடக்கூடக் குழல் சிறுக்கும்.

எங்கள் பாட்டனாரின் இரட்டைக்குழல் துவக்கில், குழல் முழுவதும் பாம்பின் தோல் போன்ற வரி ஓடும். எண்ணெய் தடவித் துடைக்கும்போது அது மின்னும். அவர் பித்தளைத் தோட்டாக்களில் தாமே கருமருந்து அளந்து போடுவார். வெடியுப்பு முக்கால் பங்கு. மிகுதி கரியும் கந்தகமும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது சிறிய தந்தையார் பட்டணத்திலிருந்து புதுத் தோட்டாப் பெட்டியொன்று வாங்கி வந்தார். பாட்டனார் அதைப் பறித்து, "உதை இதுக்குள்ளை போட்டியெண்டால் உன்ரை கை போகும்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, தம் தந்தையார் அப்படிச் சொன்னார் என்பதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

காரணம் உண்டு. அவ்வரியழகு வெறும் அலங்காரமன்று. இரும்பும் உருக்குமாகிய நாடாக்களை முறுக்கி, ஒரு கம்பியின்மேற் சுற்றி, உலையிற் காய்ச்சி அடித்துப் பொருத்தியதனால் உண்டாவது அது. கருமருந்தின் அழுத்தத்துக்கென அமைந்த குழல் அது. 1884இல் பிரான்சிலே கண்டுபிடிக்கப்பட்ட புகையில்லா மருந்தும் அதன் வழி வந்தனவும் அதனிலும் மிக்க அழுத்தத்தை எழுப்புவன. நூறாண்டு கடந்து, உள்ளே துருவேறிய ஒட்டுவாய் அதனைத் தாங்காது வெடித்தல் கூடும். வெடித்தால், பாதிக்கப்படுவது குழலைத் தாங்கி நிற்கும் இடக்கை. அந்த ஒரு வாக்கியத்தைக் கைமாற்றாமல் துவக்கை மாத்திரம் கைமாற்றிய வீடுகளை நினைக்கையில் எனக்கு அச்சமுண்டாகிறது.

பாட்டனார் 1984இற் காலமானார். சுடுகலன்களுக்கான சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமாகும். அதன்படி அனுமதிப்பத்திரம் ஆளுக்கு உரியது, வீட்டுக்கு உரியதன்று. காணியும் மாடும் போலத் துவக்கு தானாகவே பிள்ளைக்கு இறங்குவதில்லை. பிள்ளை தன் பெயரில் அனுமதி பெறல் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பித்தலும் வேண்டும். என் தந்தையார் சட்டத்துக்கு அஞ்சியவர். அந்தியேட்டி முடிந்த கையோடு துவக்கைச் சாக்கிற் சுற்றிப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கி வந்தார். விண்ணப்பம் எழுதுவதற்குள் யுத்தம் முந்திக்கொண்டது. பின்னர் அந்நிலையமும் அங்கில்லை, துவக்கும் இல்லை. பற்றுச்சீட்டை மட்டும் காணி உறுதியோடு பொலித்தீன் பையிற் சுற்றி, 2009 வரை இடம்பெயர்ந்த இடமெல்லாம் அவர் காவித் திரிந்தார்.

அதை வாசித்தபோதுதான் துரையின் கதை ஆட்டங் கண்டது. பதிந்த உத்தியோகத்தர் ஒழுங்கான மனிதர் போலும். குழலின் அடியில் முட்டை வடிவக் கோட்டினுள் ஈ, எல், ஜீ என்னும் எழுத்துகளும் ஒரு நட்சத்திரமும் இருந்தனவென்று குறித்திருந்தார். ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில், விற்பனைக்கு முன் குழலினுள்ளே வழக்கத்துக்கு மிஞ்சிய மருந்திட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கு முத்திரை குத்துவார்கள். 1672இல் அத்தகைய சோதனைச்சாலையை நிறுவிய பெல்ஜிய நகரமாகிய லியேஜின் முத்திரையே அது. இலண்டனுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இவ்வருடம் தம்பி அந்தப் பற்றுச்சீட்டைக் கேட்டு வந்தான். அவனது வயலைப் பன்றி உழுகிறது. மான் மரைகளைச் சுடுதல் குற்றமென்பது அவனுக்குத் தெரியும். வேட்டை அவன் நோக்கமன்று. அயலவர் ஒருவர் கட்டுத்துவக்கு வைக்கும்படி யோசனை சொன்னாராம். பாதைக்குக் குறுக்கே கம்பி கட்டி, மனிதரின்றி வெடிக்கும் அப்பொறிக்குப் பன்றியும் பிள்ளையும் ஒன்றே. அது சட்டவிரோதமானதும்கூட. கையிலே துவக்கோடு காவலிருக்கும் ஒருவன், வேலியோரம் அசைவது யாதென்று பார்த்தபின் விசையை இழுக்கலாம். ஆகவே, மாவட்டச் செயலகத்துக்குப் பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்தேன். அதனால் எவ்வளவு பயன் விளையுமோ அறியேன்.

முத்திரையின் விளக்கத்தையும் தம்பிக்குச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "அப்பிடியெண்டால் அண்ணை, துரை பெல்ஜியத்திலை வாங்கியிருப்பார்" என்றான்.