எதிரிக்காக ஜெபிக்க முடியுமா? 1938-ல் தாம்பரம் பார்த்த சோதனை

நாம் செய்த வேலைக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் டீம் லீடர், அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் வம்புக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரர்... ‘இவங்களுக்காகவும் ஜெபம் பண்ணுங்க’ என்று ஞாயிறு ஆராதனையில் போதகர் சொன்னால் ‘ஆமென்’ சொல்வது ஈஸி. செய்வதுதான் கஷ்டம். இதைவிடப் பல மடங்கு கடினமான சோதனை ஒன்று தாம்பரத்தில் நடந்திருக்கிறது.

தாம்பரத்தில் என்ன நடந்தது?

ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, தாம்பரத்துக்கு இடம் மாறியது 1937-ல். அடுத்த ஆண்டே, டிசம்பர் 12 முதல் 29 வரை, சர்வதேச மிஷனரி கவுன்சிலின் உலக மாநாடு அந்த வளாகத்தில் கூடியது. சுமார் 70 நாடுகளில் இருந்து 450-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். முதலில் திட்டமிட்ட இடம் சீனாவின் ஹாங்சோ நகரம். ஜப்பான் 1937-ல் சீனா மீது படையெடுத்ததால்தான் மாநாடு இங்கே வந்தது.

போரில் இருந்த அந்த இரண்டு நாட்டுக் கிறிஸ்தவர்களும் தாம்பரத்துக்கு வந்திருந்தார்கள்.

சீனக் குழுவின் தலைவர் வூ யீஃபாங், நான்ஜிங் நகரின் ஜின்லிங் பெண்கள் கல்லூரித் தலைவர். 1937 டிசம்பர் 13-ல் ஜப்பான் ராணுவம் நான்ஜிங்கைக் கைப்பற்றியது. படுகொலைகளும் பாலியல் வன்முறைகளும் தொடர்ந்தன. அவருடைய கல்லூரி, ஆயிரக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் தஞ்சமடைந்த முகாமானது. தாம்பரம் மாநாட்டின் இரண்டாம் நாள், நான்ஜிங் வீழ்ந்து சரியாக ஒரு வருடம் ஆன நாள்.

ஜப்பானில் இருந்து வந்தவர்களில் ஒருவர் டொயோஹிகோ ககாவா. தன் நாடு செய்ததற்காகச் சீனர்களிடம் மன்னிப்பு கேட்டு ஏற்கெனவே எழுதியிருந்தவர்.

ஜெபித்தால் தப்பை ஒத்துக்கொண்டதாகுமா?

பகைவரை நேசியுங்கள், துன்புறுத்துகிறவர்களுக்காக ஜெபியுங்கள் என்பது மலைப்பிரசங்கத்தில் இயேசு தரும் போதனை (மத்தேயு 5:44). ‘உங்களுக்குப் பகைவரே இல்லை’ என்று அவர் சொல்லவில்லை. நடப்பது துன்புறுத்தல்தான் என்பதையும் மறைக்கவில்லை. சிலுவையில் தன்னை அறைந்தவர்களுக்காக அவர் கேட்டதும் மன்னிப்பு. தப்பு நடந்த இடத்தில்தானே மன்னிப்புக்கு வேலை?

ஆக, இந்த ஜெபம் எதிராளிக்குக் கொடுக்கும் நற்சான்றிதழ் கிடையாது. அவர் திருந்த வேண்டும், அவருக்கும் நல்லது நடக்க வேண்டும் என்று கேட்பது. ஒருவருக்கு நல்லது கேட்டுக்கொண்டே, அவர் அழிஞ்சு போகணும்னு நினைப்பது கஷ்டம்.

அப்போ சும்மா இருந்துடணுமா?

இந்தக் கேள்வி ககாவாவுக்கும் இருந்தது. மாநாடு முடிந்ததும், 1939 ஜனவரியில், பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார். ‘என் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டார். தன் கருத்தை வெளிப்படையாகச் சொல்லி, அதற்காகச் சுடப்பட்டாலும் ஏற்றுக்கொள்வேன் என்பதே காந்தியின் பதிலின் சாரம்.

1940 ஆகஸ்டில் ஜப்பான் ராணுவ போலீஸ் ககாவாவைக் கைது செய்தது. பின்னர் போர் தீவிரமானபோது அவரே அமெரிக்காவுக்கு எதிராக வானொலியில் பேசினார். அந்த உறுதியைக் கடைசிவரை காப்பது அவருக்கும் எளிதாக இருக்கவில்லை.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

தாம்பரத்து ஜெபங்களால் போர் நின்றுவிடவில்லை. அது 1945 வரை நீடித்தது. ஆனால், போர் உச்சத்தில் இருந்த அந்த 18 நாட்களும் சீனர்களும் ஜப்பானியர்களும் ஒரே வளாகத்தில் தங்கி, ஒரே கடவுளை வணங்கினார்கள்.

நம் ஆபீஸ் சண்டைக்கும் அதே கணக்குதான். ஹெச்ஆரிடம் புகார் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுக்கலாம். ஜெபம் அதைத் தடுக்காது. வலித்ததை மறைக்காமல் கடவுளிடம் சொல்லலாம், சங்கீதங்கள் முழுக்க அப்படிப்பட்ட புலம்பல்கள் உண்டு. அதன் பிறகு அந்த நபரின் பெயரைச் சொல்லி, அவருக்கும் ஒரு நல்லதைக் கேட்க வேண்டும். முதல் நாள் வாய் வராது. பெயரை மட்டுமாவது சொல்லிப் பார்க்கலாம்.